உட்கார இடம், கைக்கு வேலை: தோல் வட்டாரத்தில் உணவகமும் பொழுதுபோக்குக் கடையும்

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் சாப்பாட்டுக் கடைக்குக் குறைவே இல்லை. ஆம்பூரில் பிரியாணிக் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் வங்காளச் சாப்பாடும் இட்லி தோசையும் அடுத்தடுத்த வாசல்களில் கிடைக்கும். ஆனால் சாப்பிட்டு முடித்த ஒருவர் கைகழுவிவிட்டு வந்து, இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார நினைத்தால் அதற்குத் தோதான இடம் அரிது. அடுத்தவர் பின்னால் நிற்கிறார், எழுந்துவிட வேண்டும்.

இந்தக் குறையைக் கண்டுதான், வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் சிலர் ஒரு யோசனையைப் பேசுகிறார்கள். முன்பக்கம் டீ, டிபன். பக்கவாட்டு அலமாரியில் செஸ், கேரம், வண்ணப் பெட்டி, நூல், கைவேலைக் கருவிகள். வேண்டியதை வாங்கலாம், அங்கேயே உட்கார்ந்து விளையாடலாம், செய்யலாம். இப்படிப்பட்ட சிறு கடை இந்த வட்டாரத்தில் நிற்குமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிற்கும். பெங்களூரில் பார்த்ததைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தால் நிற்காது. இங்கே யாருக்கு எந்த வேளை ஓய்வு என்று கணக்கெடுத்து, இந்த ஊர்க்காரர்களின் கையில் ஏற்கெனவே இருக்கும் தோல் தொழிலை அலமாரியில் வைத்தால் நிற்கும்.

யோசனை புதிதல்ல. லண்டனில் 1828இல் சுருட்டுக் கடையாகத் திறந்த ஓர் இடம் சிம்சன்ஸ். காபி, சுருட்டு, செய்தித்தாள் இவற்றோடு செஸ் ஆட வந்தவர்களால் பெயர்பெற்றது. செஸ் வரலாற்றில் அழியா ஆட்டம் என்று போற்றப்படும் ஆண்டர்சன், கீசெரிட்ஸ்கி ஆட்டம் 1851இல் அங்கேதான் நடந்தது. ஆடுபவர்களை எழுப்பக் கூடாது என்பதற்காகவே வறுத்த இறைச்சியைச் சக்கர வண்டியில் வைத்து மேசைக்குத் தள்ளிவந்தார்கள் என்று சொல்வதுண்டு. காலப்போக்கில் ஆட்டம் போயிற்று, இறைச்சி நின்றது. சிம்சன்ஸ் உணவகமாகவே புகழ்பெற்றது. கனடாவின் டொரன்டோவில் 2010இல் தொடங்கிய ஸ்னேக்ஸ் அண்ட் லாட்டேஸ் வேறு வழியில் போனது. அலமாரி நிறைய விளையாட்டுகள், தலைக்கு ஒரு கட்டணம், சாப்பாட்டுக்குத் தனிக் காசு. உட்காரும் நேரத்தையே விலைப்பொருளாக்கியது அந்தக் கடை.

நமக்கு மிக அருகில் இருக்கும் முன்னுதாரணம் கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால். சாராயமும் சூதும் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்த அந்தக் கிராமத்தில் உண்ணிகிருஷ்ணன் என்பவர் தம் டீக்கடையில் ஊர்க்காரர்களுக்குச் செஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இன்று அது செஸ் கிராமம் என்றே அறியப்படுகிறது. அங்கே கட்டணம் இல்லை, விற்பனை அலமாரியும் இல்லை. ஆட்டத்துக்காக வந்தவர்கள் டீ குடித்தார்கள். டீக்காக வந்தவர்கள் ஆடக் கற்றார்கள். இந்த மூன்று கடைகளோடு நம் இளைஞர்களின் யோசனையையும் சேர்த்துப் பார்த்தால், உட்கார வைத்துச் சம்பாதிக்க மூன்றே வழிகள்தான் தெரிகின்றன: நேரத்துக்குக் கட்டணம், சாப்பாட்டில் லாபம், அலமாரிப் பொருளில் லாபம். எதை முதன்மையாக வைப்பது என்று முடிவுசெய்யாமல் கடை திறப்பவர் மூன்றிலும் பாதிப் பாதி சம்பாதித்து வாடகைக்குத் திணறுவார்.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் என் அனுமானம். அவரவர் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். வாடகை, கூலி, மின்சாரம், வட்டி எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,20,000 ரூபாய். இருக்கைகள் 24. நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள். மொத்தம் 6,240 இருக்கை மணிகள். காலியாகக் கிடந்தாலும் ஓர் இருக்கை ஒரு மணி நேரத்துக்கு 19 ரூபாய் தின்கிறது. பாதி நேரம்தான் ஆள் இருப்பார் என்றால் அது 38 ரூபாய். இதில் அரிசி, பால், எண்ணெய் விலை சேரவில்லை. 15 ரூபாய் டீ ஒன்றை வாங்கிக்கொண்டு இருவர் இரண்டு மணி நேரம் கேரம் ஆடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே இருக்கையில் மதியம் 150 ரூபாய்ச் சாப்பாட்டை 25 நிமிடத்தில் முடித்து எழுகிறார் இன்னொருவர். ஆகவே மதியம் 12 முதல் 3 வரை ஆட்டப் பலகையை மேசையில் விரிக்கவே கூடாது. 3 முதல் 7 வரை, சாப்பாட்டுக் கடைகள் ஈ ஓட்டும் வேளையில், அதே மேசைகள் ஆட்டத்துக்கும் கைவேலைக்கும் போகலாம். இந்தக் கூட்டுத்தொழிலுக்கு இருக்கும் உண்மையான ஆதாயம் இதுதான்: ஏற்கெனவே வாடகை கொடுத்துவிட்ட வெறும் மணிகளை விற்பது. அதற்கு மணிக்கு 30, 40 ரூபாய் கட்டணம் வைத்து, அந்தத் தொகைக்குச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்வது நம் ஊருக்குப் பொருந்தும். வெறுமனே உட்காரக் காசு என்றால் இங்கே வாசலிலேயே சண்டை வரும்.

அடுத்த கேள்வி, யார் வருவார்? வேலூரும் ஆம்பூரும் ஒன்றுக்கொன்று 50 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் ஓய்வு நேரம் என்ற கணக்கில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

வேலூரில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐடா ஸ்கடர் 1900இல் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்களை ஈர்க்கிறது. நோயாளியோடு வரும் உறவினர் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார். பரிசோதனை முடிவு வரும்வரை அவருக்கு வேலை இல்லை. கவலை மட்டும் இருக்கிறது. மருத்துவமனை வாசலுக்கும் லாட்ஜ் கட்டிலுக்கும் நடுவே அவர் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். குரோஷே ஊசியும் நூலும், வண்ணம் தீட்டும் புத்தகமும், ஒரு லூடோ பலகையும், வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய விலைப் பட்டியலும், காரம் குறைந்த சோறும் குழம்பும் இருந்தால் அந்தக் கடை அவருக்குப் பெரிய ஆறுதல். இதை வெறும் வணிக வாய்ப்பாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கைக்கு வேலை கொடுத்தால் மனம் தேறும் என்பது வேலூருக்குத் தெரிந்த விஷயம். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட், 1951இல் இங்கே தொடங்கிய நவஜீவ நிலையத்தில் அவர்களைத் தச்சு வேலைக்கும் பழக்கினார்.

வேலூரிலேயே காட்பாடிப் பக்கம் வேறு கூட்டம். 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இன்று நாடு முழுவதிலுமிருந்து மாணவர்களைக் கொண்டுவருகிறது. ரூபிக் கியூப், போர்டு கேம், மாடல் கிட் பழக்கமெல்லாம் அவர்களோடு வருகிறது. செலவழிக்கக் காசும் இருக்கிறது. ஆனால் விடுதி நேரக் கட்டுப்பாடு உண்டு, தேர்வு உண்டு, கோடை விடுமுறையில் தெருவே காலியாகும். மாணவரை மட்டும் நம்பித் திறக்கும் கடை ஆண்டுக்குப் பன்னிரண்டு மாத வாடகை கொடுத்து ஒன்பது மாதம் சம்பாதிக்கும்.

ஆம்பூரில் காத்திருப்பவர் இல்லை, களைத்தவர் இருக்கிறார். ஷூ கம்பெனிகளில் கட்டிங், ஸ்டிச்சிங் பிரிவுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து, மாலை அதே வண்டியில் திரும்புகிறார்கள். வாரநாளில் அவர்கள் கடைக்கு வர வழியே இல்லை. வாரத்துக்கு ஒரு விடுமுறை, அதிலும் பாதி நாள் துணி துவைக்கப் போகும். மீதமுள்ள பாதி நாளுக்கும் சம்பளம் வந்த முதல் பத்து நாள்களுக்கும்தான் ஆம்பூர்க் கடை தன்னைத் தயார்செய்ய வேண்டும். ஒரு பெண் தன் தோழிகளோடு வந்து, வீட்டார் எதுவும் நினைக்காதபடி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக ஆம்பூரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன? டீக்கடை பெஞ்சு ஆண்களுடையது. பிரியாணிக் கடையின் ஃபேமிலி ரூம் சாப்பிட்டு எழும் வரைதான். நல்ல வெளிச்சம், தெருவிலிருந்து பார்வைக்குத் தெரியும் முன்புறம், சுத்தமான கழிப்பறை, கல்லாவில் ஒரு பெண். இவை நான்கும் அலங்காரச் செலவில் சேராதவை. முதல் செலவே இவைதான்.

இனி, அலமாரியில் என்ன வைப்பது? ஜப்பானிய ரோபோ மாடல், ஜெர்மன் போர்டு கேம் என்று தொடங்குவோர் சுங்கப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் அடைத்து வரும் சரக்கு சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. போதாக்குறைக்கு அந்தச் சரக்கு மெதுவாகத்தான் நகரும். பிரியாணி அரிசியில் போட்ட காசு அன்று மாலையே திரும்பிவிடும். மாடல் கிட்டில் போட்டது ஆறு மாதம் தூசி படிந்து கிடக்கும். உள்நாட்டுச் சரக்கின் நிலை இதைவிட நல்லது. செஸ் பலகை, கேரம் பலகை போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024 இறுதியில் குகேஷ் உலகச் சாம்பியன் என்று செஸ் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. கேரமில் மரிய இருதயம் இருமுறை உலகச் சாம்பியன். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் போன்றவற்றை மீட்டு விற்கும் கிரீடா நிறுவனம் 2002 முதல் சென்னையில் இயங்குகிறது. சீட்டுக் கட்டை மட்டும் நான் தவிர்ப்பேன். பணம் வைக்காத ஆட்டமாக இருந்தாலும் சீட்டு புழங்கும் கடைக்குள் குடும்பப் பெண்கள் நுழையமாட்டார்கள். போலீசாரின் பார்வையும் விழும்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஏறினால் ஜவ்வாது மலையில் காவலூர் வான்காணகம். 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததில் அதற்குப் பங்கு உண்டு, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. இத்தனை அருகில் இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பைனாகுலரையோ சிறு தொலைநோக்கியையோ கையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கடை தேட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் இந்த வட்டாரத்துக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்குச் சரக்கு தோல்தான். உலகெங்கும் கையால் தோல் தைப்பது பெரிய பொழுதுபோக்கு. பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, நோட்டு உறை செய்பவர்கள் ஒரு சாண் தோலுக்கு அலைகிறார்கள். இங்கேயோ ஷூவின் மேல்பாகம் வெட்டிய பின் மிஞ்சும் துண்டுத் தோல் கிலோ கணக்கில் கைமாறுகிறது. அதைத் தரம்பிரித்து, நிறம்பிரித்து, ஒரு பர்ஸுக்கு வேண்டிய துண்டுகளையும் மெழுகு நூலையும் இரண்டு ஊசிகளையும் ஓர் உறையில் போட்டால் அதுவே விற்பனைப் பொருள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷூ மேல்பாகத்துக்கான தோல் பெரும்பாலும் குரோம் பதனீடு. மெல்லியது, வளையும், தைக்க எளிது. அதில் பூவேலை அழுத்தினால் நிற்காது. அச்சும் செதுக்கலும் நிற்க, மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தென்னிந்தியத் தோல்தான் ஒரு காலத்தில் கப்பலேறியது. 1970களில் அரசு அரைப்பதனீட்டுத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையான தோலையும் காலணியையும் ஊக்குவித்த பிறகே ஆம்பூர் ஷூ ஊரானது. பழைய பதனீடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் இன்னும் வாங்கலாம். இரண்டு வகையையும் வைத்து, வேறுபாட்டைத் தொட்டுக் காட்டி விற்கும் கடையை நாட்டில் வேறெங்கும் எளிதாகத் திறக்க முடியாது.

இதைக் கற்றுக்கொடுக்க ஆளும் இங்கேதான் இருக்கிறார். ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர், திருமணத்துக்குப் பின் கம்பெனியை விட்ட தையல்காரப் பெண். தொழிற்சாலையில் ஒரு ஷூவின் ஒரே ஒரு தையலை நாள் முழுக்கப் போட்டவர், கடையில் ஒரு முழுப் பொருளை மற்றவருக்குச் செய்துகாட்டி, மணிக்கணக்கில் ஊதியம் வாங்கினால் அது அவருக்கு மரியாதை, கடைக்கு வருமானம். மாணவரும் நெடுஞ்சாலைப் பயணியும் இரண்டு மணி நேர வகுப்புக்குத் தயங்காமல் காசு கொடுப்பார்கள். போர்டு கேம் கட்டணத்தைவிட இது பல மடங்கு பெரிது.

தோலையும் சோற்றையும் ஒரே கூரையில் வைப்பதில் ஆபத்துகள் உண்டு, அவற்றை மழுப்பக் கூடாது. ரப்பர் பசையில் உள்ள கரைப்பான்களின் ஆவி நரம்பைக் கெடுக்கும், தீயும் பற்றும். சமையலறையில் 19 கிலோ வணிக சிலிண்டர் எரியும்போது பக்கத்து மேசையில் அந்த டப்பாவைத் திறப்பது குற்றத்துக்கு ஒப்பானது. நீரில் கரையும் பசையும் கைத்தையலும் மட்டுமே கடைக்குள். தோல் தேய்த்த தூசி உணவில் விழாதபடி கண்ணாடித் தடுப்பும் தனிக் காற்றுவழியும் வேண்டும். கைவேலை மேசையில் உணவு கூடாது, சாப்பாட்டு மேசையில் தோல் கூடாது, நடுவில் ஒரு வாஷ்பேசின். செஸ் மேசைக்கு டீயும் பிஸ்கட்டும் போகலாம். எண்ணெய்ப் பலகாரம் போனால் கேரம் பலகை ஒரே வாரத்தில் கெட்டுவிடும்.

சாப்பாட்டுப் பட்டியலில் பிரியாணியை வைக்கலாமா? ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், கத்திரிக்காய்க் குழம்பு, தயிர் வெங்காயம் என்று ஊரறிந்த இலக்கணம் உண்டு. தலைமுறைகளாக அதையே செய்பவர்களோடு 24 இருக்கைக் கடை போட்டிபோட முடியாது. வேலூர் மாவட்டத்தில் இலவம்பாடி முள் கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை வைத்து ஒரு மாலைச் சிற்றுண்டி செய்வது புத்திசாலித்தனம். பிரியாணி வேண்டும் என்பவருக்குப் பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்துவிடலாம். உணவுப் பட்டியல் சமூக விஷயமும் ஆகும் என்பதை 2022 மே மாதம் ஆம்பூரில் பார்த்தோம். மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. எந்த உணவை மறுக்கிறோமோ அதை உண்பவரையும் வாசலில் நிறுத்துகிறோம். தோல் தொழிலில் உழைக்கும் தலித், முஸ்லிம் குடும்பங்களை வாடிக்கையாளராக எண்ணும் கடை இதை முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். டீ, பன், சுண்டல், தோசை என்று சைவச் சிற்றுண்டியோடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் யாரும் வெளியே நிறுத்தப்பட்டதாக உணரக் கூடாது.

வரிக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. உணவகம் சேவைக் கணக்கில் வருவதால், ஒரே பான் எண்ணில் இரண்டையும் நடத்தினால் வரம்பு 20 லட்சமாகிறது. இணக்கவரித் திட்டத்தில் உணவகத்துக்கு 5 சதவீதம், வியாபாரிக்கு 1 சதவீதம் என்று எளிமை உண்டு. ஆனால் அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்ப முடியாது. தோல் உறைகளைக் கூரியரில் பெங்களூருக்கும் புனேவுக்கும் அனுப்ப நினைப்பவர் இதை முன்பே யோசிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, நகராட்சியின் தொழில் உரிமம் இரண்டும் கதவு திறக்கும் முன்பே. கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் வழி பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை அணுகலாம். சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. எவ்வளவு சிறிய கடையானாலும் சாப்பாட்டுக்கும் அலமாரிக்கும் தனித்தனிப் பில், தனித்தனிக் கணக்கு வேண்டும். இல்லையென்றால் தோசை சம்பாதித்ததைத் தொலைநோக்கி விழுங்குவது தெரியாமலே போகும்.

இந்த வட்டாரத்தின் பெரிய அபாயம் கடைக்கு வெளியே இருக்கிறது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாத தோல் பதனிடும் கூடங்கள் மூடும் நிலைக்கு வந்தன. பாலாற்றில் கலந்த கழிவை எண்ணினால் அந்தத் தீர்ப்பு வர வேண்டிய ஒன்றுதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்ததும் ஏற்றுமதி ஷூ கம்பெனிகளின் ஆர்டர் ஆட்டம் கண்டது. ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் போகும்; ஓவர்டைம் போனால் ஆம்பூரில் முதலில் நிற்பது வெளியில் சாப்பிடும் செலவு. வேலூரின் மருத்துவமனைக் கூட்டத்தை இந்த அதிர்ச்சி அவ்வளவாகத் தொடாது. வெளியிலிருந்து வரும் இன்னொரு மாற்றம் ஆண்டுதோறும் உண்டு: ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் பகல் அடங்கி இரவு விழித்துக்கொள்ளும். அந்த மாதம் கடை நேரத்தையே மாலை ஐந்திலிருந்து நள்ளிரவுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஆகவே நான் தொடங்குவதாக இருந்தால் முதல் கடை வேலூரில், மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பெரிய சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே, 24 இருக்கையோடு. அலமாரியில் மொத்த முதலீட்டில் கால் பங்குக்கு மேல் போடமாட்டேன். அதிலும் பாதியைச் செய்பவரிடமிருந்து விற்றபின் காசு என்ற ஏற்பாட்டில் வாங்குவேன். ஆம்பூரில் உடனே வாடகைக்கு இடம் எடுக்காமல், விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூட அறையையோ திருமண மண்டபத்துச் சாப்பாட்டு அறையையோ அரை நாளுக்குப் பிடித்து, பெண்களுக்கென்று தோல் கைவேலையும் கேரமும் டீயும் ஆறு மாதம் நடத்திப் பார்ப்பேன். ஒவ்வொரு வாரமும் மூன்று எண்களை எழுதிவைப்பேன்: மாலை 3 முதல் 7 வரை நிரம்பிய இருக்கைகள், உட்கார்ந்தவர்களில் அலமாரிப் பொருள் வாங்கியவர்கள், தோழியையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை வந்த பெண்கள். ஆறு மாதத்தில் மூன்றாவது எண் ஏறியிருந்தால் ஆம்பூரிலும் வாடகைக்கு முன்பணம் கொடுத்துவிடுவேன்.